பனி உருகிப் படைத்த பாகூர் மண்

புதுவைப் பிரதேசத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர்பெற்ற பாகூர்க் கொம்யூனையும், அதற்கு வடக்கே செம்மண் மேடும் ஆற்றுப் படுகையுமாக விரிந்து கிடக்கும் வில்லியனூர்க் கொம்யூனையும் ஒரே நாளில் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு, அரைநாள் நடைத் தூரத்துக்குள் நிலம் இத்தனை மாறுமா என்ற வியப்பு எழாமல் இராது. வடக்கே சேதராப்பட்டிலும் கரசூரிலும் தொண்டமாநத்தத்திலும் மேட்டு நிலம். காலடியில் செம்மண்ணும் சரளையும். மழை பெய்தால் ஓடைகளில் சிவந்த நீர் இறங்கி ஓடும். தெற்கே சங்கராபரணியைக் கடந்து பாகூரை அடைந்தாலோ, கண்ணுக்கெட்டிய தூரம் வரப்பும் வயலுமாய்ச் சமதளம். ஏர்முனையில் ஒரு கூழாங்கல் இடறுவதும் அரிது. இந்த மேட்டையும் இந்தச் சமவெளியையும் ஆக்கியது எது என்று கேட்டால், ஆறு என்றும் மழை என்றும் விடை சொல்வோம். அந்த விடை சரியே; ஆயினும் அது பாதி விடை. பாகூர்ச் சமவெளியின் சரித்திரத்தில், இந்த ஊரார் எவரும் கண்டிராத, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் குவிந்து கிடந்து பின்பு உருகிப்போன பனிக்கட்டிக்கும் பெரும் பங்கு உண்டு. அதனை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனியாறுகள் உருகிப் பின்வாங்கும்போது அவை சும்மா போவதில்லை. மலைச்சரிவில் தாம் பெயர்த்து உருட்டிக்கொண்டு வந்த பாறைகளையும் சரளையையும் மாவாக அரைத்த மண்ணையும் நின்ற இடத்திலேயே போட்டுவிட்டுப் போகின்றன. அவ்வாறு ஓரங்களிலும் முகப்பிலும் குவிந்த கற்குவியல்கள், பனிக்கட்டிக்கு அடியில் ஓடிய நீர் விட்டுச்சென்ற வளைந்த மணற்கரைகள், மண்ணுக்குள் புதையுண்ட பனிப்பாளம் கரைந்ததால் உண்டான குட்டங்கள் என்று பலவகை நில உருவங்களை இன்று பின்லாந்திலும் கனடாவிலும் வட ஜெர்மனியிலும் காணலாம். நம் தேசத்தில் அவற்றைக் காண விரும்புகிறவர் இமயத்துக்குப் போகவேண்டும். கங்கோத்திரியிலிருந்து கோமுகத்துக்கு யாத்திரை போகிறவர்கள், பாகீரதியின் இருமருங்கிலும் மலைபோல் உயர்ந்து கிடக்கும் கற்குவியல்களைக் கடந்துதான் செல்கிறார்கள். ஒரு காலத்தில் பனியாறு அவ்வளவு உயரத்துக்கு நிரம்பி நின்றது என்பதற்கு அக்குவியல்களே சாக்ஷி. தமிழ்நாட்டுக் கடற்கரையில் அத்தகைய குவியல் ஒன்றும் கிடையாது. ஆனால் பனி உருகினால் அந்த நீர் எங்கேயாவது போய்ச் சேரவேண்டும் அல்லவா? அது சமுத்திரத்தில் சேர்ந்தது. சமுத்திரத்தின் மட்டம் உயர்ந்தது. உயர்ந்த சமுத்திரம் தன் கரைகள் பலவற்றில் புதிய நிலங்கள் உண்டாகக் காரணமாயிற்று. அவற்றுள் ஒன்றே பாகூர்.

இந்த உண்மை ஒரே நாளில் ஒருவருக்கே புலப்பட்டதன்று. புதுவையைச் சூழ்ந்த நிலத்தின் பழமையைப் படிக்கத் தொடங்கிச் சுமார் இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. வில்லியனூருக்கு வடமேற்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் அமைந்த திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரங்களைப் பற்றி, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு வந்த பிரெஞ்சு இயற்கை நூலறிஞர் சொன்னெரா எழுதிவைத்தார். அந்த மரங்களின் அருகே குனிந்து பார்த்தால், பட்டையின் வெடிப்பும், வைரத்தின் இழையும், ஆண்டுதோறும் வளர்ந்த வளையமும் கல்லில் அப்படியே தெரிகின்றன. தட்டினால் மட்டும் கல்லோசை எழுகிறது. கிளையும் வேரும் இன்றி அடிமரங்கள் மட்டுமே படுத்துக் கிடப்பதால், அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதையுண்டவை என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் முடிவு செய்திருக்கிறார்கள். அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். கடலூர் மணற்கல் என்று சொல்லப்படும் அந்தச் சிவந்த பாறையே வில்லியனூர்க் கொம்யூனின் வடபகுதியில் மேட்டு நிலமாக நிற்கிறது.

அதனினும் பழமையானவை சேதராப்பட்டு, கரசூர், வழுதாவூர்ப் பக்கங்களில் மேட்டு நிலத்துக்கு அடியிலிருந்து தலைகாட்டும் சுண்ணாம்புப் பாறைகள். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை ராஜதானியின் சிவில் உத்தியோகஸ்தர்களாக இருந்த கே, கன்லிஃப் என்னும் இருவர், அங்கே கல்லாய்ப்போன சங்கு, சிப்பி, மீன்பல் முதலியவற்றைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பிவைத்தனர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் பேராசிரியர் அவற்றை ஆராய்ந்து 1846-ல் வெளியிட்ட அறிக்கையால், ஐரோப்பியப் பண்டிதர்களின் ஏடுகளில் புதுச்சேரியின் பெயர் நிலைபெற்றது. சுருள்சுருளாய் வளைந்த அம்மனைட் என்னும் ஜந்துவின் ஓடுகள் அவற்றுள் ஏராளம். நம் வீடுகளில் பூஜையில் வைத்து வணங்கும் கண்டகி நதிச் சாளக்கிராமத்தினுள் இருப்பதும் அவ்வினத்தின் ஓடே. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வில்லியனூரின் வடபகுதி கடலுக்கு அடியில் கிடந்தது என்பதற்கு இவற்றைவிட வேறு பிரமாணம் வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு என்பவரை விசேஷமாக நினைவுகூர வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்த புதிதில், இவரும் இவருடைய தமையனார் வில்லியமும் ஒடிசாவிலுள்ள தால்ச்சர் நிலக்கரிப் பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே மெல்லிய சேற்றுப் பாறைக்கு நடுவே ஆள் உயரப் பெருங்கற்கள் பதிந்து கிடப்பதைக் கண்டு அவர்கள் திகைத்தார்கள். சேற்றை மெதுவாகப் படியவைக்கும் நீருக்கு அவ்வளவு பெரிய கல்லை நகர்த்தும் வலிமை ஏது? பனிக்கட்டியே அவற்றைச் சுமந்துவந்து போட்டிருக்கவேண்டும் என்று 1856-ஆம் ஆண்டளவில் அவர்கள் துணிந்து கூறினார்கள். உஷ்ண தேசமாகிய இந்தியாவில் பனிக்கட்டியா என்று அறிஞர் பலர் ஐயுற்றனர். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, இன்றைய மகாராஷ்டிரத்தின் சந்திரபூருக்கு அருகே ஈரை என்னும் கிராமத்தில், பனியாறு கற்களை இழுத்துச் சென்றபோது கீறிய இணைகோடுகளோடு பளபளப்பாகத் தேய்ந்த பாறைத்தளம் ஒன்றை ஃபெட்டன் என்பவர் கண்டறிந்து 1875-ல் எழுதினார். அதன் பிறகு ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்தியா தென் துருவத்தை அடுத்துக் கிடந்த காலத்துப் பனி அது.

தால்ச்சரில் பனியின் தடத்தைப் படித்த அந்த இளைஞர் ஹென்றி பிளான்ஃபோர்டுதாம் அடுத்துத் தென்னாற்காட்டுக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் வந்து, புதுச்சேரியைச் சூழ்ந்த கடற்பாறைகளையும் செம்மண் மேட்டையும் அளந்து, 1862-ல் அவற்றைப் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். அவர் திரட்டிய சங்குகளையும் சிப்பிகளையும் இனம் இனமாகப் பிரித்து வர்ணித்த பெரும் பணியைச் செய்தவர் மொராவிய நாட்டினரான ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. தென்னாட்டுக் கடற்சிப்பிகளை விளக்கி முடித்த அந்தப் பண்டிதர், யார்க்கண்டு யாத்திரையிலிருந்து திரும்புகையில் 1874 ஜூன் மாதம் லடாக்கின் பனிக் கணவாய்களுக்கு நடுவே உயிர் நீத்தார். லே நகரில் அவருடைய சமாதி இருக்கிறது. வழுதாவூர்ச் சுண்ணாம்புக் கல்லுக்கும் இமயத்துப் பனிக்கும் இடையே இவ்வாறு மனிதர் வாழ்க்கையாலும் ஒரு தொடர்பு ஏற்பட்டிருக்கிறது.

இனிப் பாகூருக்கு வருவோம். மேட்டு நிலங்கள் கோடிக்கணக்கான ஆண்டுப் பழமை உடையவை என்றால், பாகூர்ச் சமவெளியின் மேல்மண் ஆயிரக்கணக்கில் எண்ணத்தக்க வயதே உடையது. இற்றைக்குச் சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன்பு பூமி கடுங்குளிரில் மூழ்கியிருந்தது. வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் வட ஐரோப்பாவிலும் மைல் கணக்கான தடிப்பில் பனிக்கட்டி மூடிக் கிடந்தது. அந்தப் பனிக்கட்டி முழுவதும் சமுத்திரத்திலிருந்து ஆவியாக எழுந்து போன நீரே ஆகையால், உலகெங்கும் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து நின்றது. பாக் ஜலசந்தி வறண்டு, தமிழ்நாடும் ஈழமும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன. இன்று மீனவர் வலை வீசும் புதுவைக் கடலின் ஒரு பகுதி அன்று காற்று வீசும் தரையாக இருந்தது. நந்தி மலையில் பிறந்து வரும் தென்பெண்ணையும், செஞ்சி மலையில் பிறந்து வரும் சங்கராபரணியும், தாம் சேரவேண்டிய கடல் கீழே கீழே இறங்கிப் போகவே, அதனைத் தொடர்ந்து தம் படுகைகளை ஆழமாக அறுத்துக்கொண்டு பள்ளத்தாக்குகளில் ஓடின. இன்றைய பாகூர் வயல்களின் இடத்தில் அன்று நின்றவர்கள், சமவெளியை அல்ல, ஆறுகள் அறுத்த சரிவுகளையும் பள்ளங்களையுமே கண்டிருப்பார்கள்.

பின்பு பூமி மெல்ல வெப்பமடைந்தது. வடதேசத்துப் பனிப்பாளங்கள் உருகின. கடல்மட்டம் சுமார் 12,000 ஆண்டுக் காலம் ஏறிக்கொண்டே வந்து, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய நிலையை அடுத்து வந்து நின்றது. சராசரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். ஒரு மனிதர் ஆயுளில் இடுப்பளவு உயரத்தையும் எட்டாத ஏற்றம். ஆனால் நானூறு தலைமுறைகளில் நாற்பது மாடிக் கட்டடத்தின் உயரம். ஏறிவந்த கடல் ஆற்றின் வாயில் எதிர்த்து நின்றபோது ஆறு என்ன செய்யும் என்பதை நம் விவசாயிகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை: வாய்க்காலின் கடைமடையைத் தட்டி வைத்து அடைத்தால் மேலே நீர் தேங்கி, சுமந்து வந்த வண்டல் அங்கேயே படிந்து வாய்க்கால் தூர்ந்துபோவதை அவர்கள் ஆண்டுதோறும் காண்கிறார்கள். அவ்வாறே தென்பெண்ணையும் அதன் கிளையாகிய மலட்டாறும் சங்கராபரணியும், வேகம் குன்றி, கன்னட நாட்டிலிருந்தும் செஞ்சியிலிருந்தும் கொணர்ந்த மண்ணைத் தாம் அறுத்த பள்ளத்தாக்குகளிலேயே இறக்கிவிட்டன. பள்ளங்கள் நிரம்பின, வெள்ளந்தோறும் ஒரு விரற்கடை வண்டல் சேர்ந்து தரை சமமாயிற்று. அந்தச் சமதளமே பாகூர். இவ்வண்டலின் தடிப்பு சில இடங்களில் 50 மீட்டரையும் தாண்டுகிறது.

இதற்கு அத்தாட்சி வேண்டுவோர் கிணறு வெட்டும் இடத்திலோ, போர் போடும் இடத்திலோ சற்று நேரம் நின்றால் போதும். முதலில் வருவது உழவுக்குரிய வண்டல், அதன்கீழ் பிசுபிசுத்த களி, களிக்குக் கீழே மாவு போன்ற மணல், மறுபடியும் களி, இன்னும் ஆழத்தில் பரல் கலந்த பெருமணல். ஆற்றுக்குச் சரிவும் வேகமும் இருந்த காலத்தில் உருட்டிவந்தது பெருமணல். கடல் எதிர்த்து நீர் தயங்கிய காலத்தில் படிந்தது களி. கடற்கரையை அடுத்த மணப்பட்டிலும் மூர்த்திக்குப்பத்திலும் நீளவாட்டில் கிடக்கும் மணல்மேடுகளும் இக்கதையின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தவையே: ஏற்றம் நின்ற பிறகு அலையும் காற்றும் கூடிக் கரையோரமாக அடுக்கிவைத்த மணல் அது. சுண்ணாம்பாறும் அரியாங்குப்பத்தாறும் கடலருகே அகன்று கழியாகக் கிடப்பதும், ஆற்றின் பழைய வாய்க்குள் கடல் புகுந்து நின்றதன் விளைவு.

மணலும் களியும் மாறி மாறி அடுக்கப்பட்ட இந்த அமைப்பு, பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் ஓர் ஆச்சரியத்தைக் காட்டிற்று. 1870-களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் குழாய் இறக்கி ஆழமாகத் துளைத்தபோது, இறைக்காமலே நீர் தானாகப் பொங்கி மேலே வந்தது. களியின் கீழ் அடைபட்ட மணலில், மேட்டு நிலத்தில் பெய்த மழைநீர் அழுத்தத்தோடு நிறைந்திருந்ததே காரணம். சென்னைக்கும் அத்தகைய ஊற்று வாய்க்குமா என்று ஆராய வந்த வில்லியம் கிங் என்னும் ஆய்வுத்துறை அதிகாரி 1880-ல் இக்கிணறுகளைப் பற்றிக் கட்டுரை வரைந்தார். பின்னர் 1880-களில் பாகூர்ப் பக்கத்தில் துளையிட்டபோது மணலுக்கும் களிக்கும் கீழே பழுப்பு நிலக்கரியும் தட்டுப்பட்டது. அது நெய்வேலியில் 1956-ல் தொடங்கப்பட்ட பெருந்தொழிலுக்கு ஆதாரமான நிலக்கரியின் இனத்தைச் சேர்ந்தது.

கடல் நிலைத்து நின்ற பிறகே மனிதர்களும் இக்கரையில் நிலைத்து வாழ முடிந்தது. அரியாங்குப்பத்தாற்றின் கரையில் அரிக்கமேடு என்னும் துறைமுகம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரியோடு வாணிகம் செய்து செழித்தது. 1945-ல் தொல்பொருள் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து காட்டிய ரோமானியப் பாண்டங்களின் துண்டுகளே அதற்குச் சான்று. கப்பலுக்குப் பாதுகாப்பான கழிமுகம் அங்கே அமைந்ததற்குக் காரணம் ஏறிவந்த கடல் ஆற்று வாயில் புகுந்ததே என்பதை எண்ணும்போது, அகஸ்டஸ் சக்கரவர்த்தி காலத்து வாணிகனும் வடதேசத்துப் பனிக்கு ஒருவகையில் கடன்பட்டவன் ஆகிறான்.

வண்டலின் செழிப்பைக் கல்வியாக மாற்றிய பெருமை பாகூருக்கு உரியது. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட பாகூர்ச் செப்பேடு, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்களை வாகூர் வித்யாஸ்தானத்துக்குத் தானமாக வழங்கியதைச் சொல்கிறது. மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் சோறிட்டு ஒரு கல்லூரியை நடத்தும் அளவுக்கு இந்த மண் விளைந்தது என்பதே அதன் பொருள். ஆயினும் மண் மட்டும் விளைந்துவிடாது. தட்டையான நிலத்தில் மழைநீர் நில்லாமல் கடலுக்கு ஓடிவிடும். அல்லது வெள்ளமாய் நின்று பயிரை அழுகச் செய்துவிடும். ஆகவே முன்னோர்கள் உயர்ந்த பக்கத்தைத் திறந்து விட்டு, தாழ்ந்த பக்கத்தில் மட்டும் நீண்ட கரை போட்டு ஏரிகளை அமைத்தார்கள். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு நீர் வருகிறது. வில்லியனூர்ப் பகுதியில் மேட்டுக்கும் படுகைக்கும் இடையே அமைந்த ஊசுட்டேரி, சுத்துக்கேணி வாய்க்கால் நீரால் நிறைகிறது. நிலத்தின் சாய்வைக் கருவியின்றிக் கண்ணாலேயே அளந்து மதகும் கலிங்கும் வைத்த அந்த ஊர்ச்சபையார், பனி உருகிய கதையை அறியாதவர்கள். ஆனால் அது உண்டாக்கிய நிலத்தின் இயல்பை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள்.

நாம் அந்த அறிவைக் காத்தோமா என்பது வேதனை தரும் கேள்வி. முன்பு தானாகப் பொங்கிய நீர் இன்று மோட்டாரின் துணையின்றி மேலே வருவதில்லை. அளவின்றி உறிஞ்சியதால் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே இறங்க, கடலோர ஊர்களில் உப்பு நீர் உட்புகும் அபாயம் வந்திருக்கிறது. செங்கல் சூளைக்கும் மனைப் பிரிவுக்கும் வண்டல் போகிறது. ஏழாயிரம் ஆண்டுகள் வெள்ளம் வெள்ளமாகச் சேர்த்த மண் ஓரிரு கோடைகளில் லாரியில் ஏறிப் போய்விடுகிறது. மறுபுறம், பனி மீண்டும் உருகிக்கொண்டிருக்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. தூரத்துப் பனி நம்மைத் தொடும் என்பதை முன்பே எண்ணிப் பார்த்தவர் உண்டு. மேலே சொன்ன ஹென்றி பிளான்ஃபோர்டு 1875-ல் இந்திய அரசாங்கத்தின் முதல் வானிலை அறிக்கையாளராகப் பதவியேற்ற பின், இமயத்தில் பனி மிகுதியாகப் பெய்த ஆண்டுகளை அடுத்து மழை குறையக்கூடும் என்ற தொடர்பை ஆராய்ந்து 1884-ல் எழுதினார். இமயத்துப் பனிக்கும் தேசத்து மழைக்கும் தொடர்பு தேடிய முதல் முயற்சிகளில் அது ஒன்று. எங்கோ விழும் பனி எங்கோ உள்ள வயலைப் பாதிக்கும் என்பது நம் காலத்துப் புதிய கவலை அன்று.

தூரத்துப் பனியை நாம் தடுத்து நிறுத்த முடியாது. நம் ஊர் ஏரியை நாம் காக்க முடியும். 1999-ல் தொடங்கி ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுவைப் பகுதியின் 84 ஏரிகளும் சீரமைக்கப்பட்டபோது, விவசாயிகள் சங்கங்கள் கூடி வேலையை மேற்பார்த்தது நல்ல முன்மாதிரி. ஏரியில் நிற்கும் நீர் மண்ணுக்குள் இறங்கினால்தான் கடலின் உப்பை எதிர்த்துத் தள்ளும் நன்னீர் நிலத்தடியில் நிற்கும். ஆகவே வாய்க்காலை ஆக்கிரமிப்பின்றி வைப்பதும், ஏரியின் வண்டலை அள்ளி மீண்டும் வயலுக்கே சேர்ப்பதும், விளைநிலத்தின் மேல்மண்ணை விற்க மறுப்பதும் பாகூரிலும் வில்லியனூரிலும் நிலம் உள்ள ஒவ்வொருவரின் கடமை. இந்த மண் ஒருமுறை போனால், இன்னொரு பனியுகம் வந்து முடிந்தாலன்றி இதனைத் திரும்பப் பெற வழியில்லை. அதனை நினைவில் வைத்து, ஊர்ச்சபைகளும் இளைஞர்களும் இவ்வாண்டுக் கோடையிலேயே தத்தம் ஏரியின் வரத்து வாய்க்காலைத் தூர்வாரத் தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.